வெக்கையில் போட்டுக்கொண்டு தூங்கக்கூடிய மாஸ்க்

தூக்கத்தில் மூச்சு தடைப்படாமல் மாஸ்க் வழியாகக் காற்றடிக்கிற சீபாப் மெசின் வாங்கப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் மெசினைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன விலை, சத்தம் போடுமா, கரண்ட் பில் கூடுமா. மாஸ்க்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. மெசின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருக்கப்போகிற சாமான். விடியும்வரை முகத்தில் இருக்கப்போவது மாஸ்க்தான். கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு சீபாப்பை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தவர்களை யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருடைய மெசினும் பழுதில்லை.

நான் கோண்டாவிலில் இருக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குறட்டை என்றால் ஆம்பிளைகளின் விஷயம் என்றொரு எண்ணம் எங்கள் ஊரில் உண்டு. பொம்பிளை குறட்டை விட்டால் அதை வெளியில் சொல்லவே வெட்கம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்தத் தூக்க மூச்சுத்தடை கூடுகிறது என்பது டொக்டர்மாருக்குத் தெரியும், எங்களில் கனபேருக்குத் தெரியாது. காலையில் தலையிடி, விடைத்தாள் திருத்தும்போதே கண் சொருகுவது, மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர். இவ்வளவும் இருந்தன. இரவில் என் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பயந்துபோய் டொக்டரிடம் சொன்னது என் கணவர்தான்.

கொழும்பில் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். மணித்தியாலத்துக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று அறிக்கை வந்தது. 5க்குக் கீழே என்றால் பிரச்சினையில்லை, 15 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. காற்றழுத்தம் 11 சென்ரிமீற்றர் என்று எழுதித் தந்தார்கள். தண்ணீர் மட்டத்தை வைத்து அளக்கிற கணக்கு இது. மெசின்கள் வழக்கமாக 4இலிருந்து 20 வரை போகும்.

தூங்கும்போது தொண்டையின் மென்மையான சுவர்கள் தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காற்றை மெல்ல உள்ளே அழுத்திக்கொண்டிருந்தால் அவை விலகி நிற்கும். சீபாப்பின் வேலை இவ்வளவுதான். சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் 1981இல் இதை வெளியிட்டபோது மாஸ்க் என்று கடையில் ஒன்றும் கிடையாது. ஆளாளுக்கு மூக்கில் அச்சு எடுத்துச் செய்து, ஒவ்வொரு இரவும் முகத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதை நினைத்துப் பார்த்தால் இன்றைக்கு எங்களுக்குக் கிடைப்பது எவ்வளவோ மேல். அதற்காக எது கிடைத்தாலும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றில்லை.

எனக்கு முதலில் கிடைத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற முழுமுக மாஸ்க். மெசின் விற்ற இடத்துத் தம்பி, "அக்கா, இதிலை மூக்காலயும் மூச்சு விடலாம், வாயாலயும் விடலாம். எல்லாருக்கும் சரிவரும்" என்றார். ஏசி அறையில், கதிரையில் நிமிர்ந்து இருத்தி, பட்டிகளை இழுத்து இறுக்கி, இரண்டு நிமிடம் காற்றை விட்டுப் பார்த்தார். கசியவில்லை. சரி என்று பெட்டியில் போட்டுத் தந்துவிட்டார். விற்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஆள் திரும்பி வந்து முறைப்பாடு சொல்லாமல் இருக்க எல்லாவற்றையும் மூடுகிற மாஸ்க்தான் பாதுகாப்பு.

ஆனால் நான் படுக்கிறது ஏசி அறையிலும் இல்லை, கதிரையிலும் இல்லை. சித்திரை வெக்கையில், சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே, வலப்பக்கம் சரிந்து படுக்கிறவள். சரிந்து படுத்த உடனே தலையணை மாஸ்க்கின் ஒரு பக்கத்தைத் தள்ளும், மறுபக்கத்தால் காற்றுக் கண்ணுக்குள் அடிக்கும். சிலிக்கோனுக்குக் கீழே வியர்த்து, வியர்வையில் அது வழுக்கி இறங்கும். விடிய எழும்பினால் மூக்குத்தண்டில் சிவப்புத் தழும்பு. "ஐசியூவிலை கிடக்கிற ஆக்கள் மாதிரி இருக்கு, இஞ்சேர்" என்று இவர் சொன்னதோடு கண்ணாடி பார்க்கிற ஆசையும் போய்விட்டது. இன்னொன்றும் இருந்தது. தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் குந்திக்கொண்டிருந்த என் வயதுக்காரர் கனபேருக்கு, முகத்துக்கு முன்னால் ஏதாவது அடைத்துக்கொண்டு நின்றால் நெஞ்சு படபடக்கும். வாயையும் மூக்கையும் ஒன்றாக மூடின அந்த உணர்வு எனக்கு நடுச்சாமத்தில் அதைத்தான் கொண்டுவந்தது.

மாஸ்க்கில் வகைகள் உண்டு என்பதையே பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். முழுமுகத்திலேயே மூக்குத்தண்டில் ஏறாமல், மூக்குக்குக் கீழே முட்டுக்கொடுத்து வாயை மட்டும் மூடுகிற வகை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடியும் போடலாம். மூக்கை மட்டும் முக்கோணமாக மூடுகிற நேசல் மாஸ்க் இன்னொன்று. மூக்கை மூடாமல், துவாரங்களுக்குக் கீழே தொட்டில் போலக் கிடந்து அணைக்கிற வகை ஒன்று. இரண்டு சிறு குமிழ்கள் மூக்குத் துவாரத்தின் வாசலில் பொருந்துகிற நேசல் பில்லோ ஒன்று. இவற்றிலே குழாய் மூக்குக்கு முன்னால் தொங்குகிற மாதிரியும் உண்டு, உச்சந்தலையில் பொருத்திக் கன்னத்தின் இரு பக்கத்தாலும் காற்று இறங்குகிற மாதிரியும் உண்டு. புரண்டு புரண்டு படுக்கிறவர்களுக்கு உச்சந்தலைக் குழாய் வசதி.

இதில் என் அபிப்பிராயம் தெளிவானது. மூக்கால் மூச்சுவிட முடிந்தவர் மூக்கு மாஸ்க்கில்தான் தொடங்க வேண்டும். முழுமுக மாஸ்க் இழுத்துக் கட்டும்போது கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளும், தாடை பின்னுக்குப் போனால் நாக்கும் பின்னுக்குப் போய்த் தொண்டையை அடைக்கும், அதைத் திறக்க அழுத்தம் இன்னும் கூட வேண்டிவரும். மூட வேண்டிய சுற்றளவு பெரிதாகப் பெரிதாகக் கசிகிற இடங்களும் கூடும். மூக்கு மாஸ்க் போடுகிறவர்கள் முழுமுகம் போடுகிறவர்களைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து பாவிக்கிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. முழுமுகம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் அது முதல் மாஸ்க்காக இருக்க வேண்டியதில்லை.

"எனக்கு மூக்கடைப்பு, வாயாலதான் மூச்சு" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்த ஆள்தான். பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் காட்டியபோது, மூக்கின் நடுச்சுவர் வளைவு பெரிதாக இல்லை, தூசி ஒவ்வாமையால் உள்ளே வீங்கியிருக்கிறது என்றார்கள். ஸ்பிரே தந்தார்கள், படுக்கமுன் உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார்கள். கழுவுகிற தண்ணீர் கொதித்து ஆறினதாக இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து அள்ளின கையோடு விடக்கூடாது. ஸ்பிரே ஒரே நாளில் வேலை செய்யாது, தொடர்ந்து அடித்தால்தான் பலன் தெரியும். தலையணை உறையையும் விரிப்பையும் வாராவாரம் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடத் தொடங்கினோம். மூக்கு மெல்லத் திறந்தது. அதற்குப் பிறகுதான் மாஸ்க் தேடல் உண்மையிலேயே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அடைத்த மூக்கை வைத்துக்கொண்டு எந்த மாஸ்க்கையும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

அடுத்து நேசல் பில்லோ. ரொறன்ரோவில் இருக்கிற பெறாமகன் தான் போடுகிற அதே வகையில் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினான். முகத்தில் ஏதோ இருக்கிறது என்றே தெரியாது, அவ்வளவு இலேசு. மூக்குக்கண்ணாடி போட்டுப் புத்தகம் வாசிக்கலாம். நெஞ்சுப் படபடப்பு அதோடு போய்விட்டது. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது: என் மூக்குத்தி. அதன் திருகு மூக்கின் உட்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பில்லோவின் குமிழ் போய் அதில் முட்டியது. இடப்பக்கத் துவாரம் புண்ணாகி, குமிழும் கீறுப்பட்டது. பெறாமகனிடம் சொன்னால், "சித்தி, அதைக் கழட்டிப்போட்டுப் படுங்கோவன்" என்கிறான். கலியாணத்துக்குப் போட்டது, கழற்ற மனம் வரவில்லை. கஸ்தூரியார் வீதியில் ஒரு பத்தரிடம் போய், பின்பக்கத் திருகை மட்டும் தட்டையாக, மூக்கோடு ஒட்டிக் கிடக்கிற மாதிரி மாற்றித் தரச் சொன்னேன். எதற்கென்று கேட்டார், விளங்கப்படுத்தினேன். மூக்குக்குள் காற்றடிக்கிற மெசினுக்காக மூக்குத்தி மாற்ற வந்த ஆளை அவர் அன்றைக்குத்தான் கண்டிருப்பார்.

தட்டைத் திருகு புண்ணை ஆற்றியது. ஆனாலும் 11 அழுத்தத்தில் பில்லோ எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு துவாரத்துக்குள்ளும் காற்று நேராகக் குத்துகிற மாதிரி இருந்தது. குறைந்த அழுத்தக்காரருக்குப் பில்லோ மிக நல்லது. அழுத்தம் கூடக் கூட இந்தக் குத்தல் கூடும் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற விஷயம். ஆளுக்காள் மாறும், பெறாமகனுடைய அழுத்தம் என்னுடையதைவிடக் கூட, அவனுக்கு ஒன்றுமில்லை.

கடைசியில் நிலைத்தது தொட்டில் வகை, உச்சந்தலைக் குழாயோடு. மூக்குக்குக் கீழே கிடப்பதால் மூக்குத்தண்டில் ஒன்றும் படாது, துவாரத்துக்குள்ளும் ஒன்றும் நுழையாது, மூக்குத்தியும் தன் பாட்டில் இருக்கும். இந்தமுறை வாங்கமுன் அளவு எடுத்தேன். மாஸ்க் செய்கிற கம்பனிகள் அளவுத்தாளைத் தங்கள் இணையத்தளத்திலேயே தருகின்றன. அதைத் தரவிறக்கி, கொமினிகேசன் கடையில் அச்செடுத்து, மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும். அச்செடுக்கும்போது கவனம்: தாளுக்கு ஏற்றபடி சுருக்கி அடித்தால் அளவு பிழைத்துவிடும். நூறு வீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். தாளில் அளவுகோல் ஒன்று போட்டிருப்பார்கள். அதன் மேல் வங்கி அட்டையை வைத்துப் பாருங்கள், அட்டையின் நீளம் 85.6 மில்லிமீற்றர். பொருந்தினால் தாள் சரி. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் மூன்று அளவுக் குஷனும் (முகத்தில் படுகிற சிலிக்கோன் பகுதி) சேர்ந்து வருகிற பெட்டியை வாங்குவதுதான் புத்தி. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கொழும்புக்கோ கனடாவுக்கோ திரும்ப அனுப்பி மாற்றுகிற கதை எங்களுக்கு நடக்காது.

மாஸ்க் பொருத்துகிற விதத்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மாஸ்க்குகள் பல பிழையாகக் கட்டப்பட்டே கெட்ட பெயர் எடுக்கின்றன. குஷனின் சிலிக்கோன் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், வெளிப்பக்கம் மெல்லிய தோல், உள்ளே கொஞ்சம் தடித்த சுவர். காற்று வந்ததும் அந்த மெல்லிய தோல் உப்பி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கசிவை அடைப்பது அந்த உப்பல்தான், பட்டியின் இறுக்கம் இல்லை. இறுக்கி இறுக்கிக் கட்டினால் தோல் மடிந்து நசிந்துபோகும், மடிப்பால் காற்று வெளியேறும், கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம். காற்றில்லாத சைக்கிள் ரியூப்பை நசித்துப் பிடித்துக்கொண்டு ஒட்டுப்போட்ட இடம் சரியா என்று பார்க்கிற வேலைதான் அது.

ஆகவே முதலில் பட்டிகளைத் தளர்த்திவிட்டு மாஸ்க்கைப் போடுங்கள். மெசினை ஓடவிடுங்கள். சில மெசின்களில் மாஸ்க் பொருத்தம் பார்க்கவென்றே ஒரு தெரிவு இருக்கிறது, அது தொடக்கத்து இளங்காற்றை விட்டுவிட்டு முழு அழுத்தத்தையும் கொஞ்ச நேரம் தரும். அதைப் போட்டுவிட்டுப் படுங்கள், எந்தப் பக்கம் படுப்பீர்களோ அந்தப் பக்கம். படுத்தால் கன்னச் சதை இடம் மாறும், அதனால் நிமிர்ந்திருந்து பார்த்த பொருத்தத்தை நம்பக்கூடாது. படுத்த நிலையில் குஷனை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு இழுத்து, உப்ப விட்டு, மெல்லத் திரும்ப வையுங்கள். பிறகுதான் பட்டி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, கசிவு நிற்கிற அளவுக்கு மட்டும். காலையில் வருகிற தழும்பு அரை மணித்தியாலத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் இறுக்கம் கூட, அல்லது அளவு பிழை.

மாஸ்க்கில் சிறு துளைகளால் எந்நேரமும் கொஞ்சம் காற்று வெளியே போகும். அது கசிவில்லை, நாங்கள் விடுகிற மூச்சு போகிற வழி. ஒட்டி அடைத்துவிடாதீர்கள். மெசின் அந்தக் கணக்கைக் கழித்துவிட்டுத்தான் கசிவைக் காட்டும், அதனால் மெசினின் பட்டியலில் எந்த வகை மாஸ்க் என்பதைச் சரியாகத் தெரிவுசெய்ய வேண்டும். மாஸ்க்கை மாற்றிவிட்டு இதை மாற்றாமல் விடுகிறவர்கள் கனபேர். ரெஸ்மெட் கம்பனி மெசின்களில் கசிவு நிமிடத்துக்கு 24 லீற்றருக்குக் கீழே நின்றால் போதும். சுழியத்தைத் தேடி நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை.

எங்கள் ஊருக்கே உரிய இடைஞ்சல்கள் சில உண்டு. முதலாவது எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் படுக்கிற பழக்கம் இருந்தால் பட்டி வழுக்கும், வெல்க்ரோவும் கொஞ்ச நாளில் பிடிக்காது. எண்ணெய் முழுக்கை காலையில் வைத்துக்கொண்டேன். முகத்துக்குக் கிறீம் பூசினாலும் இதே கதை. மூக்கு காய்கிறது என்று வாஸ்லின் பூசக்கூடாது, அது சிலிக்கோனைக் கெடுக்கும். தண்ணீர் சேர்ந்த ஜெல் பாமசியில் கேட்டு வாங்கலாம். கொண்டையோடு படுத்தால் தலைப்பட்டி மேலேறும். தாழப் பின்னி, பின்னலைப் பட்டிக்குக் கீழால் விட்டுவிட்டால் நிற்கும்.

இரண்டாவது வியர்வை. பழைய வேட்டித் துணியில் குஷனின் வடிவத்துக்கு ஒரு வளையம் வெட்டித் தைத்து, முகத்துக்கும் சிலிக்கோனுக்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் இதையே துணி உறை என்று விற்கிறார்கள். கசிவு கொஞ்சம் கூடும், ஆனால் சித்திரை வைகாசியில் அது இல்லாமல் முடியாது. தினமும் தோய்த்துப் போடலாம். குஷனையும் தினமும் காலையில் மெல்லிய சவர்க்கார நுரையால் கழுவி நிழலில் உலர்த்துவேன். முந்தின நாள் முகத்து எண்ணெய் இருந்தால் அன்றைக்கு இரவு கட்டாயம் கசியும்.

நுளம்புக்குப் பயந்து தலைவரை போர்த்துக்கொண்டு படுக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். போர்வை மூச்சுத் துளைகளை மூடிவிடும். வலைதான் நல்லது, ஆனால் வலை முகத்துக்குக் கிட்டத் தொங்கினால் துளைக்காற்றில் படபடத்து நித்திரையைக் குழப்பும், உயர்த்திக் கட்டுங்கள். நுளம்புச் சுருளை மெசினுக்குக் கிட்டக் கொளுத்தி வைத்தால் அந்தப் புகை நேராக மூக்குக்குத்தான் வரும். மெசின் இருக்கிற அறையில் சுருளும் வேண்டாம், சாம்பிராணியும் வேண்டாம். எங்கள் செம்மண் தூசிக்குக் காற்று வடிகட்டியை மாதத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பாருங்கள், நிறமே சொல்லும்.

சீபாப் போடுகிறவர்களுக்கென்று சிறப்பு வடிவத்தில் தலையணை விற்கிறார்கள், இரண்டு ஓரமும் குழிந்து. இலவம்பஞ்சுத் தலையணை இருக்கிற வீட்டில் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓரத்தைக் குத்தி ஒரு குழி செய்து, மாஸ்க் அந்தக் குழிக்குள் தொங்குகிற மாதிரிப் படுத்தால் போதும்.

தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கம் தேவையில்லை, கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற கிணற்றுத் தண்ணீர், கொதிக்க வைத்தாலும் துணியால் வடிகட்டினாலும் அந்த வெள்ளைப் படிவு மெசின் தொட்டியிலும் வரும். ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கிற காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்ட் வோட்டர்) போத்தல்தான் ஊற்ற வேண்டும். எங்கள் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வருஷத்தில் கனநாள் தொட்டியைக் குறைந்த அளவில் வைத்தாலும் போதும். மார்கழி குளிரிலும், ஏசி போடுகிற அறையிலும் வேறு தொல்லை: சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் தண்ணீராகி, களகளவென்று சத்தம் போட்டு, சில வேளை முகத்திலும் சொட்டும். குழாய்க்கு ஒரு துணியுறை தைத்துப் போட்டால் நிற்கும். என்னுடையது பழைய நூல்சேலைத் துண்டு.

மூக்கு மாஸ்க் போட்டும் விடிய வாய் காய்ந்திருந்தால் வாயால் காற்று வெளியேறுகிறது. முதலில் மூக்கடைப்பைப் பாருங்கள். நுனிநாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துப் படுத்துப் பழகுவது சிலருக்கு உதவும், தாடையைத் தூக்கிக் கட்டுகிற நாடிப்பட்டி இன்னும் சிலருக்கு. வாயில் பிளாஸ்டர் ஒட்டுகிற பழக்கம் இப்போது பரவுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூக்கு அடைத்தாலோ சத்தி வந்தாலோ என்ன செய்வது?

முழுமுகம் வேண்டியவர்கள் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர், மூக்கின் நடுச்சுவர் நன்றாக வளைந்தவர், சத்திரசிகிச்சைக்கு உடம்பு இடம்கொடாது. அவருக்கு முழுமுகம்தான். இரவில் பல்லுச் செற்றைக் கழற்றிவிட்டுப் படுப்பவர், கழற்றினால் கன்னம் உள்ளே போகும், மாஸ்க் கசியும். கழற்றிய பிறகு அளவெடுத்ததும் சிறிய குஷன் சரிவந்தது. மீசையை வழிக்கச் சொன்னபோது மட்டும், "ரீச்சர், அது நடக்காது" என்றுவிட்டார். மீசை முடியின் மேல் சிலிக்கோன் ஒட்டாது, ஆனாலும் ஓரத்தைக் கத்தரித்து ஒரு சமாதானத்துக்கு வந்தார். அவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. மாஸ்க் பட்டிகள் சிலவற்றில் கொளுவுகிற இடத்தில் காந்தம் வைத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் உள்ளவர்களுக்கும், பக்கத்தில் படுக்கிறவருக்கு அவை இருந்தாலும், அந்தக் காந்தம் ஆபத்து என்று பிலிப்ஸ் 2022இலும் ரெஸ்மெட் 2023இலும் எச்சரித்தன. காந்தமில்லாத கொளுக்கிகள் கேட்டால் கிடைக்கும். பேஸ்மேக்கர்காரர் மாஸ்க் வாங்கமுன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார்கள். மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு வரும், முழுமுக மாஸ்க்கில் அதற்கென்று ஒரு வால்வு திறந்துகொள்ளும். காற்று நின்றால் பெரும்பாலும் முழிப்பு வந்துவிடும், கழற்றி வைத்துவிட்டுப் படுக்கலாம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு இலங்கை முழுவதையும் இருட்டாக்கிவிட்டது என்று அமைச்சரே சொன்னார். ஆகவே மெசினுக்கு ஏற்ற பற்றரியும் வயரும் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர்ச் சூட்டை நிறுத்திவிட்டால் பற்றரி கனநேரம் தாங்கும்.

வெளிநாட்டு உறவுகள் சூட்கேசில் போட்டுக்கொண்டு வருகிற பழைய மெசின்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிலிப்ஸின் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் மெசின்களை, உள்ளே இருக்கிற நுரைப்பஞ்சு உதிர்கிறது என்று 2021 யூனில் திரும்பப் பெற்றார்கள். அந்த மாதிரி வந்தால் போடாதீர்கள். மாஸ்க்கைப் பொறுத்தவரை அதன் பிளாஸ்டிக் சட்டகத்தைக் கழுவிப் பாவிக்கலாம், குஷனும் பட்டியும் புதிதாக வேண்டும். குழாய் வாய் கிட்டத்தட்ட எல்லா மாஸ்க்குக்கும் 22 மில்லிமீற்றர்தான், ஒரு கம்பனி மாஸ்க் மற்றக் கம்பனி மெசினுக்குப் பொருந்தும். பயணத்துக்கென்று வருகிற சின்ன மெசின்கள் சிலதான் விலக்கு. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் மாதத்துக்கு இரண்டு மூக்குக் குஷன்வரை தருகிறது. அதைப் பார்த்துவிட்டு நாங்களும் மாதாமாதம் மாற்ற வேண்டுமோ என்று கவலைப்படத் தேவையில்லை. ஓரம் மஞ்சளித்து, தடித்து, கழுவியும் கசியத் தொடங்கும்போது மாற்றினால் சரி. குஷனின் பெயரையும் அளவு எழுத்தையும் போனில் படம் எடுத்து வைத்தால், ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட வசதி.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீடு நிறையச் சனம் வந்தால் நாங்கள் ஹோலில் பாய் விரித்துத்தான் படுப்போம். மெசினையும் தரையில் வைத்துவிடுவேன். தலையைவிட உயரத்தில் வைத்தால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கும். போனமுறை சின்னம்மா பக்கத்தில் படுத்துவிட்டு, விடிய எழும்பி, "பிள்ளை, இதை எனக்கும் ஒருக்காத் தாவன், என்ரை குறட்டையும் நிக்குதோ பாப்பம்" என்றார். அழுத்தம் ஆளுக்காள் வேறு, சோதிக்காமல் போடக்கூடாது என்று சொன்னேன். நம்பவில்லை. தனக்குத் தராமல் ஒளிக்கிறேன் என்றுதான் நினைத்தார். பிறகு ஒரு நாள் கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன், இப்போது பரிசோதனைக்குத் திகதி வந்திருக்கிறது.